அறுபதைத் தாண்டியவர்களின் இதயத்துக்கு நடையும் யோகாவும்: எப்படித் தொடங்குவது?

"தினமும் கொஞ்சம் நடங்க, யோகா பண்ணுங்க" என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். எவ்வளவு தூரம், என்ன வேகம், மூச்சு வாங்கினால் நிற்க வேண்டுமா, எந்த ஆசனம் செய்யலாம் என்றெல்லாம் கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் பத்தாயிரம் அடி கணக்குச் சொல்கிறார், சொந்தக்காரர் ஒருவர் கபாலபாதி என்ற வேக மூச்சுப் பயிற்சியின் வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இத்தனைக்கும் நடுவில் குழம்பிப்போய்த் தொடங்காமலே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அறுபதிலோ எழுபதிலோ முதன்முறையாகத் தொடங்குகிறவர்களுக்கும், அப்பா அம்மாவைத் தொடங்க வைக்கப் பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன்.

இந்த வயதில் நடைக்கும் சரி, யோகாவுக்கும் சரி, அளவுகோல் மூச்சுதான். நடக்கும்போது பேச முடிகிற அளவுக்கு மூச்சு இருக்க வேண்டும். யோகா செய்யும்போது எந்த இடத்திலும் மூச்சை அடக்கக் கூடாது. கீழே வரும் எல்லாமே இந்த இரண்டின் விரிவு.

எது எதற்கு உதவும்

லண்டனின் மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களைப் பற்றி ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் 1953-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. உடலசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை மருத்துவ உலகம் கவனித்துப் பார்க்கத் தொடங்கியதில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து, காலில் தேங்கும் ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்புகின்றன. ரத்தக் குழாய்களின் உள்சுவர் நெகிழ்கிறது. சில மாதங்கள் விடாமல் நடந்தால் அதே வேலையை இதயம் குறைந்த துடிப்பில் செய்யப் பழகிவிடும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஓரளவு கட்டுக்குள் வரும்.

யோகா பற்றி நம்மிடம் மிகைப்பேச்சு நிறைய. மாரடைப்பிலிருந்து மீண்ட ஏறத்தாழ 4,000 பேரை வைத்து இந்தியாவின் 24 மருத்துவமனைகளில் யோகா-கேர் என்ற ஆய்வு நடந்தது. 12 வாரங்களில் 13 வகுப்புகள். முடிவு 2020-இல் வெளியானது. மறுபடி மாரடைப்பு வருவதையோ மரணத்தையோ யோகா குறைத்தது என்று அதில் உறுதியாக நிறுவ முடியவில்லை. ஆனால் யோகா கற்றவர்கள் தங்கள் உடல்நிலை மேம்பட்டதாகச் சொன்னார்கள். முன்பு செய்துவந்த வேலைகளுக்குத் திரும்புவதிலும் முன்னேறியிருந்தார்கள். என்னைக் கேட்டால், பயந்துபோய் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்ட பெரியவருக்கு அதுவே மிகப் பெரிய விஷயம். ஆனால் ஆசனம் செய்தால் அடைப்பு கரையும், ஸ்டென்ட் வேண்டாம், மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். இதயத்துக்கு உழைப்பைக் கொடுப்பது நடை. உடலின் நிதானத்தையும் வளைவையும் மன அமைதியையும் காப்பது யோகா. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது.

தொடங்கும் முன்

ஏற்கெனவே மாரடைப்பு, ஆஞ்சியோ, பைபாஸ், வால்வு கோளாறு, பேஸ்மேக்கர் இவற்றில் எது இருந்தாலும் உங்கள் இதய மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எவ்வளவு வேகம் வரை போகலாம்? கையால் எவ்வளவு எடை தூக்கலாம்? என்ன அறிகுறி வந்தால் உடனே நிறுத்த வேண்டும்? ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போனால் மறக்காது. பைபாஸ் செய்தவர்களுக்கு மார்பெலும்பு கூடி வரும் வரை கையைத் தூக்கி இழுக்கும் ஆசனங்கள் கூடாது. அதற்கு மாதக்கணக்கு ஆகலாம். எப்போது தொடங்கலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இதய நோய் இல்லாதவர்களும் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஒரு இசிஜி பார்த்துக்கொண்டு தொடங்குவது நல்லது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பிரஷரும் சர்க்கரையும் பார்ப்பார்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகு பல ஊர்களில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்திருங்கள், அரை மணி நேரத்துக்குள் காபி குடித்திருக்கக் கூடாது, கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும். ஓய்வில் இருக்கும்போதே 180/110-ஐத் தொட்டுவிட்டால் அன்று நடையும் வேண்டாம், ஆசனமும் வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்.

நாடி பார்க்கவும் பழகிக்கொள்ளுங்கள். இடது உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, கட்டைவிரல் தொடங்கும் இடத்துக்குக் கீழே மணிக்கட்டில் வலது கையின் இரண்டு விரல்களை லேசாக வையுங்கள். அழுத்தினால் துடிப்பு மறைந்துவிடும். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். சும்மா இருக்கும்போதே 100-க்கு மேல் ஓடினாலோ, துடிப்பு விட்டுவிட்டு ஒழுங்கில்லாமல் வந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால், அட்டெனலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எவ்வளவு நடந்தாலும் துடிப்பு அதிகம் ஏறாது. துடிப்பு அதிகபட்சம் எவ்வளவு ஏறலாம் என்று பார்க்க 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. அதனால்தான் மூச்சை நம்பச் சொல்கிறேன்.

செருப்பு, இடம், நேரம்

ரப்பர் செருப்போடு நடைப்பயிற்சி வேண்டாம். குதிகாலைப் பிடிக்காத செருப்பில் விரல்களால் இறுக்கிக்கொண்டு நடப்பீர்கள். ஒரு வாரத்தில் முழங்கால் வலி வந்துவிடும், பழி நடையின் மேல் விழும். ஷூவை மாலையில் வாங்குங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். சேலை கட்டுகிறவர்கள் கொசுவத்தை ஒரு அங்குலம் ஏற்றிக் கட்டினால் படியில் தடுக்காது. வேட்டிக்கும் இதே கவனம் தேவை.

சர்க்கரை உள்ளவர்கள் பூங்காக்களில் இருக்கும் கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் கல் குத்தினால் தெரியாது. புண்ணான பிறகுதான் தெரியும். நடந்து வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

எட்டு வடிவப் பாதையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வெளியே போக முடியாதவர்கள் மொட்டை மாடியில் எட்டு வரைந்து நடக்கலாம், தவறில்லை. அதனால் கிடைக்கும் நன்மை நடையின் நன்மைதான், எட்டின் நன்மை என்று தனியாக ஒன்றும் கிடையாது. அடிக்கடி திரும்புவதால் வேகம் குறையும். தலைசுற்றல் உள்ளவர்களுக்கும் முழங்கால் தேய்ந்தவர்களுக்கும் நேர்ப்பாதையே நல்லது.

தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்திருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர் முழுவதையும் முடிக்க நினைக்க வேண்டாம். அரைக் கிலோமீட்டர் போய்த் திரும்பினாலே முதல் மாதத்துக்கு அதிகம்.

நேரம் காலை ஏழுக்கு முன், அல்லது வெயில் தாழ்ந்து ஐந்தரைக்குப் பின். எழுந்த வேகத்தில் கிளம்பாதீர்கள். மாரடைப்பு காலை நேரத்தில் கூடுதலாக வருகிறது என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். எழுந்து தண்ணீர் குடித்து, அரை மணி நேரம் வீட்டுக்குள் நடமாடிவிட்டுப் போங்கள். அக்னி நட்சத்திரத்தில் மாலையிலும் அனல் அடங்காது. அந்த நாட்களில் ஹாலிலோ வராந்தாவிலோ நடப்பதே புத்திசாலித்தனம், அதிலும் நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெளியே போகவே வேண்டாம். ஐப்பசி மழையில் மொட்டை மாடி பாசி பிடித்திருக்கும், அப்போதும் வீட்டுக்குள்தான்.

நடை, வாரம் வாரமாக

முதல் வாரம் பத்து நிமிடம். ஒரே மூச்சில் முடியாவிட்டால் காலையில் ஐந்து, மாலையில் ஐந்து. இரண்டு மூன்று நாளில் "இது ஒரு நடையா" என்று தோன்றும். தோன்றட்டும், கூட்டாதீர்கள். இதயம் சீக்கிரம் பழகிவிடும். முழங்காலும் குதிகாலும் பழக நாளாகும். அடுத்த வாரத்திலிருந்து வாரத்துக்கு மூன்று, நான்கு நிமிடம் கூட்டிக்கொண்டே போனால் இரண்டு மாதத்துக்குள் அரை மணி நேரத்தைத் தொட்டுவிடுவீர்கள். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு என்கிறது. தினம் அரை மணி, வாரம் ஐந்து நாள் என்றால் கணக்கு சரியாக வரும். அதே நிறுவனம் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரத்தில் மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. அதை யோகாவில் பார்ப்போம்.

ஒவ்வொரு நடையிலும் முதல் ஐந்து நிமிடம் கோயில் பிரகாரம் சுற்றும் நிதானத்தில் போங்கள். பிறகு வேகம் கூட்டுங்கள். பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட வரக் கூடாது. அதுதான் சரியான வேகம். பாட்டே பாட முடிகிறது என்றால் கொஞ்சம் கூட்டலாம். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறையுங்கள். கடைசி ஐந்து நிமிடம் மறுபடி மெதுவான நடை. வேகமாக நடந்துவிட்டுச் சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கித் தலை சுற்றும். அதனால் வீட்டு வாசல் வரை வேகமாக வந்து அப்படியே நாற்காலியில் சாயாதீர்கள்.

பத்தாயிரம் அடி என்பது 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண். மருத்துவர்கள் கணக்குப் போட்டு வைத்ததில்லை. சராசரி 72 வயதுள்ள பெண்கள் 16,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைவு. அந்தப் பலன் 7,500 அடி வரை கூடியது, அதற்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை. எனவே போனில் எண் வரவில்லையே என்று இரவு பத்து மணிக்கு ஹாலுக்குள் சுற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

"நாள் பூரா அடுப்படியில் நின்னுக்கிட்டுதானே இருக்கேன், அது போதாதா?" என்று அம்மாக்கள் கேட்பது நியாயமான கேள்வி. அந்த உழைப்பு வீண் இல்லை. ஆனால் அதில் பெரும்பகுதி நிற்பது. மூச்சு கொஞ்சம் வேகப்படும்படி பத்து நிமிடம் தொடர்ந்து நடப்பது அதில் இல்லை. அவர்களுக்கு அரை மணி நேரம் கிடைக்க வேண்டுமென்றால் வீட்டில் வேறு யாராவது அந்த நேரத்துக்குக் காலை டிபனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட நடை போகாதீர்கள். சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பையில் குளுக்கோஸோ நான்கைந்து மிட்டாயோ இருக்கட்டும். வயிறு நிறையச் சாப்பிட்டவர்கள் வேக நடைக்கு ஒன்றரை மணி நேரமாவது விடுங்கள். சாப்பிட்டபின் மெதுவாகப் பத்து நிமிடம் உலாத்துவது வேறு. அது சர்க்கரைக்கு நல்லது.

பூங்கா வாசலில் விற்கும் அருகம்புல் சாறு, கீரைச் சாறு விஷயத்திலும் ஒரு வார்த்தை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் பச்சை இலைச் சாறுகளைத் திடீரென்று தினமும் குடிக்கத் தொடங்கினால் மருந்தின் வேலை மாறும். கேட்காமல் குடிக்காதீர்கள்.

யோகா, நாற்காலியிலிருந்து

தரையில் சம்மணமிட முடியவில்லை என்பதற்காக யோகாவே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். கைப்பிடி இல்லாத கனமான மர நாற்காலியோ இரும்பு நாற்காலியோ போதும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், மொசைக் தரையில் அதன் கால்கள் விரிந்து வழுக்கும். நாற்காலியின் முதுகு சுவரைத் தொட்டபடி இருக்கட்டும். கீழே பெட்ஷீட் விரிக்காதீர்கள். பாதம் முழுதாகத் தரையில் படாவிட்டால் ஒரு மணைப் பலகையைப் போட்டு அதன் மேல் வையுங்கள்.

நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு நிமிடம் மூச்சு வருவதையும் போவதையும் கவனியுங்கள். பிறகு மூச்சை இழுத்தபடி இரு கைகளையும் முன்பக்கமாக மேலே தூக்கி, விட்டபடி இறக்குங்கள். ஆறு முறை. தோள் வலிக்கிறவர்கள் தோள் உயரத்தோடு நிறுத்தலாம். மூச்சு முதலில் தொடங்கட்டும், கை அதன் பின்னால் போகட்டும். மூச்சு முடியும்போது கையும் வந்து சேரட்டும். இப்படிச் செய்தால் அவசரம் தானாக அடங்கிவிடும்.

அடுத்து மூச்சை விட்டபடி ஒரு காலை நேராக நீட்டி, விரல்களை உங்கள் பக்கம் இழுத்து, மூச்சை இழுத்தபடி இறக்குங்கள். காலுக்கு ஆறு முறை. எந்தப் பயிற்சியிலும் சிரமமான பாதி மூச்சு வெளியே போகும் நேரத்தில் அமையட்டும். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். கழிவறையில் முக்குவதை இதய நோயாளிகளுக்கு டாக்டர்கள் தடுப்பதும் இதனால்தான். பிறகு கைகளை நாற்காலி விளிம்பில் வைத்து இடுப்பிலிருந்து மெதுவாக வலப்பக்கம், இடப்பக்கம் திரும்பலாம்.

இப்போது எழுந்து நாற்காலிக்குப் பின்னால் வாருங்கள். அதைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, முதுகுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு தாடாசனத்தில், அதாவது நிமிர்ந்து நேராக, நில்லுங்கள். குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், எட்டு முறை. பிறகு ஒரு பாதத்தை மற்றக் காலின் கணுக்கால் மேல் சாய்த்து வைத்துப் பத்து விநாடி. இது விருக்ஷாசனத்தின் முதல் படி. பாதத்தைத் தொடை வரை ஏற்றத் தேவையில்லை, ஒரு கை எப்போதும் நாற்காலியில் இருக்கட்டும். கடைசியாக நாற்காலியைச் சுவருக்குத் தள்ளி, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது ஐந்து முறை. முடியாதவர்கள் ஊன்றிக்கொள்ளலாம். பஸ்ஸில் ஏறுவதற்கும் கழிவறையில் எழுவதற்கும் தேவையான தொடை பலம் இதில்தான் வரும்.

முடித்ததும் சவாசனம். கட்டிலிலேயே படுக்கலாம், முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள். மல்லாந்தால் மூச்சு முட்டுகிறவர்கள் முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்துச் சாய்ந்துகொள்ளுங்கள். இது புதிதாக வந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எழும்போது ஒருக்களித்து, கையூன்றி உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து நில்லுங்கள். பிரஷர் மாத்திரையோ புராஸ்டேட் மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும்.

மூச்சுப் பயிற்சியாக நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். இந்த நிதானத்தில்தான் படபடப்பு அடங்கும். ஐந்து நிமிடம் போதும். மூக்கின் ஒரு துளை மாற்றி மறு துளையால் மூச்சு விடும் நாடி சுத்தி தெரிந்தவர்கள், கும்பகம் இல்லாமல், அதாவது மூச்சை அடக்காமல், செய்யலாம். வண்டு போல் ரீங்கரித்தபடி மூச்சை விடும் பிராமரியும் நல்லது. மூச்சு முட்டுவது போல் இருந்தால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கபாலபாதி, பஸ்த்ரிகா போன்ற வேக மூச்சுப் பயிற்சிகள், மூச்சை அடக்கும் கும்பகம், சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் ஆகியவற்றைப் பிரஷரும் இதய நோயும் உள்ளவர்கள் விட்டுவிடுங்கள். கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்குத் தலைகீழ் ஆசனங்கள் எதுவும் ஆகாது. எலும்பு மெலிவு (ஆஸ்டியோபோரோசிஸ்) உள்ளவர்கள் முதுகை வளைத்து முன்னால் குனிய வேண்டாம். சூரிய நமஸ்காரம் நல்லதுதான், ஆனால் தலை கீழே போய் மேலே வரும் வேகம் தொடக்கக்காரருக்கு ஒத்துவராது.

ஆசிரியரிடம் போவதாக இருந்தால், முதல் நாள் அவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். சென்னையில் 1976-இல் டி.கே.வி. தேசிகாசார் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் போன்ற இடங்களின் மரபே ஆளுக்கேற்ப ஆசனத்தை மாற்றிக்கொடுப்பதுதான். உங்கள் வயதையும் மாத்திரைகளையும் அறுவை சிகிச்சையையும் கேட்காமல், முப்பது பேரோடு ஒரே வரிசையில் நிற்கவைக்கிறவரிடம் இந்த வயதில் சேராதீர்கள்.

உடனே நிறுத்த வேண்டிய நேரம்

நெஞ்சில் பாரம் வைத்தது போல் அழுத்தம், அது இடது தோளுக்கோ தாடைக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத் திணறல், மயக்கம். இவற்றில் ஒன்று வந்தாலும் அதே இடத்தில் உட்காருங்கள். வீடு பக்கத்தில்தானே என்று நடந்து போகாதீர்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை டாக்டர் கொடுத்திருந்தால் உட்கார்ந்தபடி வையுங்கள். ஐந்து நிமிடத்தில் தணியாவிட்டால் 108. ஒருபோதும் ஸ்கூட்டர் பின்னால் ஏறிப் போகாதீர்கள்.

நம் வீடுகளில் இந்த வலிக்கு முதல் பெயர் வாயுப் பிடிப்பு. ஓமத் தண்ணீரும் சோடாவும் குடித்துக் காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் இதயத் தசை பாழாகிறது. நடக்கும்போது வந்து, நின்றதும் போகிற எதுவும் வாயு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பும் மூச்சு வாங்கலுமாக வரலாம். கிராமத்தில் இருப்பவர்களுக்கு, பெரிய மருத்துவமனை தூரம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023 முதல் இருக்கிறது.

நடக்கப் போகும்போது சட்டைப்பையில் பெயர், வீட்டு போன் எண், சாப்பிடும் மாத்திரைகள் எழுதிய சீட்டு இருக்கட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

விட்டுப்போன நாட்களும் மாத்திரையும்

காய்ச்சல், கல்யாண வீடு, ஊர்ப் பயணம் என்று ஒரு வாரம் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். பாதி நேரத்திலிருந்து தொடங்கி, ஒரு வாரத்தில் பழைய அளவுக்கு வாருங்கள். காய்ச்சல் நாளில் நடை கூடவே கூடாது.

இரண்டு, மூன்று மாதம் ஒழுங்காக நடந்த பிறகு சிலருக்குப் பிரஷர் இறங்கும். எழும்போது தலை சுற்றுகிறது என்றால் மாத்திரையின் அளவு இப்போது அதிகமாகியிருக்கலாம். அதற்காக நீங்களே நிறுத்திவிடக் கூடாது. மெட்டோப்ரோலால் வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இதயம் படபடத்து நெஞ்சு வலியே வரலாம். ஒரு வாரத்துக்குக் காலையும் மாலையும் பார்த்த பிரஷர், நாடி, நடந்த நிமிடங்கள், தலை சுற்றிய நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். அளவைக் குறைப்பதா, அப்படியே தொடர்வதா என்பதை அவர் அதை வைத்து முடிவு செய்வார்.